பரணில் கிடைத்த இளவரசன்!

குட்டீஸ், உங்கள் வீட்டுப் பரணில் என்னென்ன இருக்கிறது என்று தெரியுமா? கொலு பொம்மைப் பெட்டி, ஓட்டைக் குடம், கால் உடைந்த நாற்காலி... இப்படித்தானே சொல்வீர்கள்? என் அக்கா வீட்டுப் பரணில் ஓர் இளவரசன் இருந்தான்!

போன மே மாத விடுமுறையில் அக்கா பையன் கிரிக்கெட் ஸ்டம்பைத் தேடிப் பரண் மேல் ஏறினான். ஏழாம் வகுப்பு முடித்தவன். ஸ்டம்பு கிடைக்கவில்லை. தலையெல்லாம் ஒட்டடையோடு, ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். அதன் மேல், 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' என்று எழுதியிருந்தது. உள்ளே சதுரமாக ஒரு பிளாஸ்டிக் தகடு, கூடவே ஒரு மெல்லிய புத்தகம்.

அந்தத் தகடுதான் ஃபிளாப்பி. கம்ப்யூட்டரில் 'சேவ்' செய்யும்போது மூலையில் சதுரமாக ஒரு சின்னப் படம் வருமே, அதன் அசல்! பென் டிரைவுக்கெல்லாம் தாத்தா. அதன் மொத்தக் கொள்ளளவே 1.44 எம்.பி.தான். செல்போனில் இன்று நீங்கள் எடுக்கும் ஒரு போட்டோ கூட அதற்குள் நுழையாது. ஆனால் ஒரு முழு அரண்மனை, இளவரசன், இளவரசி, கெட்ட மந்திரி, காவலர்கள், கத்திச் சண்டை எல்லாம் அதற்குள் அடங்கி இருந்தன.

பெட்டியைப் பார்த்ததும் அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவருடைய பெரியப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கி வந்ததாம். அப்போது அத்தானுக்குப் பதினாலு வயது. வேடிக்கை என்னவென்றால், ஆட்டம் வந்துவிட்டது, வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது! ஊரில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாராம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரை மணி நேரம் அனுமதி. அப்படியே நாலாவது லெவல் வரை போயிருக்கிறார்.

"அங்கே ஒரு கண்ணாடி வந்து வழியை மறிச்சுடும்டா. அதைத் தாண்டவே முடியலே. அப்புறம் பிளஸ் டூ வந்துடுச்சு. பெட்டி பரணுக்குப் போயிடுச்சு" என்றார்.

பையன் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "நம்ம லேப்டாப்புல போடுப்பா, இன்னிக்கே தாண்டிடலாம்!" என்றான்.

இன்றைக்கே! அதைச் செய்து முடிக்க எங்களுக்கு நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாள் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டிலும் அப்பாவோ, சித்தியோ, மாமாவோ விளையாடிய பழைய ஆட்டம் ஏதாவது இருந்தால் உதவும்.

முதல் தொல்லை... புது லேப்டாப்பில் ஃபிளாப்பி நுழைய வாயே கிடையாது. யு.எஸ்.பி.யில் செருகும் ஃபிளாப்பி டிரைவ் ஒன்றை என் நண்பரிடம் இரவல் வாங்கி வந்தேன். பையன் ஆவலாக ஃபிளாப்பியைச் செருகப் போனான். "பொறு!" என்றேன். ஃபிளாப்பியின் மூலையில் தள்ளினால் நகரும் ஒரு குட்டிக் கதவு உண்டு. அதைத் தள்ளி, ஓட்டை தெரியும்படி வைத்துவிட்டால் அதில் கம்ப்யூட்டர் எதையும் எழுத முடியாது. படிக்க மட்டும்தான் முடியும். தப்பித் தவறிக் கூட அழிந்துவிடாது. பழைய ஃபிளாப்பி கிடைத்தால் முதலில் இதைச் செய்யுங்கள். அடுத்ததாக, விளையாடாதீர்கள், நகல் எடுங்கள்! ஃபிளாப்பியில் இருப்பது காந்தப் பூச்சு. வருஷம் ஆக ஆக அதன் பலம் குறையும், பூஞ்சை பிடிக்கும். ஒருமுறை படித்தது மறுமுறை படிக்கும் என்று சொல்ல முடியாது.

'கிர்ர்... கிர்ர்... டக்... கிர்ர்' என்று டிரைவ் முனகியது. நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு ஃபைலாக வந்து விழுந்தது. எல்லாம் பத்திரம்! பையன் ஒரே குதி குதித்து, 'பிரின்ஸ்' என்ற ஃபைலை இரண்டு முறை சொடுக்கினான்.

'இந்தப் புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் இயங்காது. உங்கள் கம்ப்யூட்டருக்கு ஏற்ற பதிப்பு வேண்டுமானால் வெளியிட்டவரைக் கேளுங்கள்' என்ற பொருளில் ஒரு செய்தி வந்து நின்றது.

வெளியிட்டவரைக் கேட்பதா? இந்த ஆட்டத்தை வெளியிட்ட அமெரிக்க நிறுவனம் புரோடர்பண்ட். அதை 1998-லேயே வேறொரு நிறுவனம் வாங்கிவிட்டது. யாரைப் போய்க் கேட்பது?

பாட்டியின் ஆழாக்கு

"இது எவ்வளவு பெரிய லேப்டாப்! ஒரு சின்ன ஆட்டத்தை ஓட்ட முடியாதா மாமா?" என்று பையன் கேட்டான். நியாயமான கேள்விதானே?

இப்படி யோசித்துப் பாருங்கள். பாட்டி எழுதி வைத்த அதிரசக் குறிப்பு கிடைக்கிறது. அதில், 'அரிசி ஒரு படி, வெல்லம் ஒரு வீசை, நெய் ஓர் ஆழாக்கு' என்று இருக்கிறது. உங்கள் வீட்டிலோ கிராம் காட்டும் எலக்ட்ரானிக் தராசு. தராசு உசத்திதான். ஆனால் அதற்கு ஆழாக்கு என்றால் என்னவென்றே தெரியாது! குறிப்பிலும் தப்பு இல்லை, தராசிலும் தப்பு இல்லை. இரண்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரின் மூளைக்குப் பிராசஸர் என்று பெயர். அது ஒரே வாயில் எவ்வளவு பெரிய எண்ணை விழுங்கும் என்பதை 'பிட்' கணக்கில் சொல்வார்கள். 1981-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பி.சி.யின் மூளை 16 பிட் ரகம். 0 முதல் 65,535 வரை உள்ள எண்ணை ஒரே வாயில் விழுங்கும். பின்னால் 32 பிட் வந்தது. அது 429 கோடி வரை போகும். இப்போது 64 பிட். அதன் உச்ச எண் 20 இலக்கம் கொண்டது. எழுதிக் காட்டினால் எண்ணி முடிப்பதற்குள் உங்களுக்குக் கொட்டாவி வரும்!

இளவரசன் 16 பிட் காலத்து ஆள். அது மட்டுமல்ல... அந்தக் காலத்தில் 'டாஸ்' என்ற அமைப்பு கம்ப்யூட்டரை நடத்தியது. ஒரு நேரத்தில் ஓர் ஆட்டம்தான் ஓடும். அந்த ஆட்டமே வீட்டுக்கு ராஜா! திரையில் நேராகப் போய்ப் புள்ளி வைக்கும். ஸ்பீக்கரை நேராகத் தட்டும். கீபோர்டை நேராகக் கேட்கும். இப்போதோ ஒரே நேரத்தில் பத்து, இருபது புரோகிராம்கள் ஓடுகின்றன. எல்லோரும் திரையில் கை வைத்தால் என்ன ஆகும்? அதனால், 'எதுவானாலும் என் மூலமாகத்தான்' என்று விண்டோஸ் வாசலில் நிற்கிறது.

32 பிட் விண்டோஸுக்குள், பழைய டாஸ் ஆட்டங்களுக்கென்று ஒரு சின்ன அறையை ஒதுக்கி வைத்திருந்தார்கள். 64 பிட் முறையில் வேலை செய்யும்போது, அந்த அறைக்குத் தேவையான வசதி பிராசஸரிலேயே கிடையாது. ஆகவே 64 பிட் விண்டோஸில் அறையையே எடுத்துவிட்டார்கள். 2021-ல் வந்த விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது. இளவரசன் திண்ணையிலேயே நிற்க வேண்டியதுதான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பாட்டியின் குறிப்பைக் கிராம் கணக்கில் மாற்றி எழுதுவது. இன்னொன்று, எங்கிருந்தாவது ஓர் ஆழாக்கைக் கொண்டு வருவது.

முதல் வழியை இந்த இளவரசன் ஏற்கெனவே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டான். அந்தக் கதை ரொம்ப சுவாரசியம்.

தம்பியை ஓட விட்ட அண்ணன்

இந்த ஆட்டத்தை உருவாக்கியவர் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர். அவருக்கு ஓர் ஆசை. ஆட்டத்தில் வரும் ஆள் பொம்மை மாதிரி விறைப்பாக நடக்கக் கூடாது; நிஜ மனிதன் மாதிரி ஓட வேண்டும், மூச்சு வாங்க வேண்டும், விளிம்பைப் பிடித்துத் தொங்க வேண்டும். என்ன செய்தார் தெரியுமா? 1985-ல் தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடை போடச் சொன்னார். கார் நிறுத்தும் இடம் ஒன்றுக்குக் கூட்டிப்போய், 'ஓடு, குதி, ஏறு, தொங்கு' என்று விரட்டி விரட்டி வீடியோ எடுத்தார். பிறகு அந்த வீடியோவை ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி, அதன் மேலேயே கோடு போட்டுப் படமாக்கினார். கத்திச் சண்டைக்கு, 1938-ல் வந்த ராபின் ஹுட் படத்தின் சண்டைக் காட்சியைப் பார்த்து வரைந்தார். ஆட்டத்துக்கு இசை அமைத்தவர் யார்? அவருடைய அப்பா பிரான்சிஸ் மெக்னர்! குடும்பமே சேர்ந்து சமைத்த விருந்து அது.

மெக்னர் இதை எழுதியது ஆப்பிள் 2 என்ற கம்ப்யூட்டருக்காக. நினைவகம் 128 கிலோபைட்தான். இளவரசனின் ஓட்டத்துக்கும் குதிப்புக்குமே அது நிரம்பிவிட்டது. எதிரி வேண்டுமே? புதிதாக ஓர் ஆளை வரைந்தால் வைக்க இடம் இல்லை! யோசித்தார். இளவரசனின் அதே படத்தை ஒரு புள்ளி தள்ளி வைத்து, அதனோடு அதையே கணக்குப் போட்டுக் கழித்தார். கோட்டுருவமாக, மினுமினு என்று ஒரு நிழல் மனிதன் கிடைத்தான்! கூடுதல் இடம்? கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. இந்த நிழல் மனிதனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவான்.

1989-ல் ஆட்டம் வெளிவந்தது. ஆனால் பாவம், வாங்க ஆள் இல்லை. ஆப்பிள் 2-வுக்கு அப்போது வயதாகிவிட்டது. கடைகளில் அதற்கென்று இருந்த அலமாரி சுருங்கிக்கொண்டே வந்தது. சாகப் போகிற கம்ப்யூட்டரில் பிறந்த ஆட்டம்! 1990-ல் அதை டாஸ் கம்ப்யூட்டருக்கு மாற்றி எழுதினார்கள். மாற்றுவது என்றால் நகல் எடுப்பது இல்லை. இரண்டு கம்ப்யூட்டர்களின் மூளையும் வேறு வேறு ஜாதி. ஒவ்வொரு கட்டளையையும் புதிதாக எழுத வேண்டும். அப்படி மாறிய பிறகுதான் இளவரசன் நாடு நாடாகப் போனான். பெரியப்பா சிங்கப்பூரில் வாங்கியது இந்த டாஸ் பதிப்பைத்தான்.

மாற்றி எழுத வேண்டுமானால் மூலம் வேண்டும். அதாவது, மெக்னர் தன் கையால் எழுதிய கட்டளைகள். அது எங்கே? அவரிடமே இல்லை! பத்து வருஷமாகத் தேடியும் கிடைக்கவில்லையாம். 2012 மார்ச் மாதம் நியூயார்க்கில் இருக்கும் அவருடைய அப்பா, வீட்டைச் சுத்தம் செய்தபோது அலமாரியின் பின்புறம் கிடந்த பழைய சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு மகனுக்கு அனுப்பி வைத்தார். பெட்டிக்குள் பழைய ஃபிளாப்பிகள். அவைதான்!

எங்கள் வீட்டுப் பரண் மட்டும் இல்லை என்று தெரிந்ததில் அத்தானுக்கு ஒரே பெருமை.

ஃபிளாப்பி கிடைத்தால் போதுமா? இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே, படிக்குமா? மெக்னர் அவசரப்பட்டுச் செருகிவிடவில்லை. பழைய கணினிச் சமாசாரங்களைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கும் ஜேசன் ஸ்காட், ஆப்பிள் 2-வில் கரை கண்ட டோனி டயஸ் இருவரையும் வரவழைத்தார். பழைய ஆப்பிள் கம்ப்யூட்டர்களையே கொண்டுவந்து, அந்த ஏப்ரலில் ஃபிளாப்பிகளை வாசித்தார்கள். உள்ளே எல்லாம் உயிரோடு இருந்தன. மெக்னர் அவற்றை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்துவிட்டார்.

எல்லா ஆட்டத்துக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது. மூலம் குப்பைக்குப் போய்விட்டால் மாற்றி எழுதவே முடியாது. அப்போது இரண்டாவது வழிதான் கதி.

பொய்க் கம்ப்யூட்டர்!

சினிமாவுக்கு அரண்மனை செட் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தூண் அட்டையால் ஆனது. சிம்மாசனம் தெர்மோகோல். ஆனால் கேமராவுக்கு அரண்மனைதான். அதே மாதிரி, புது கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் செட் போட்டுவிட்டால்? இளவரசன் உள்ளே வந்து பார்ப்பான். பழைய மூளை இருக்கும். பழைய திரை இருக்கும். 'ஆகா, இன்னும் 1990-தான்' என்று நம்பி ஓடத் தொடங்கிவிடுவான்!

இந்த மாதிரி செட்டுக்கு 'எமுலேட்டர்' என்று பெயர். டாஸ் ஆட்டங்களுக்கான புகழ்பெற்ற எமுலேட்டர் டாஸ்பாக்ஸ். 2002 முதல் கிடைக்கிறது. முழுக்க இலவசம். நெதர்லாந்தைச் சேர்ந்த இருவர் தொடங்கினார்கள்; பலர் சேர்ந்து வளர்த்தார்கள். ஆட்டம் 16 பிட் பாஷையில் ஒரு கட்டளை சொன்னால், டாஸ்பாக்ஸ் அதை வாங்கிப் புது மூளைக்குப் புரிகிற மாதிரி செய்து முடித்து, பதிலைப் பழைய பாஷையிலேயே திருப்பிக் கொடுக்கும். ஆட்டம் ஸ்பீக்கரைத் தட்டினால், தட்டுவதற்கு ஒரு பொய் ஸ்பீக்கரும் வைத்திருக்கும். அந்தக் காலத்து 'சவுண்ட் பிளாஸ்டர்' ஒலி அட்டையையும் நடித்துக் காட்டும். இந்த அட்டையை 1989-ல் கொண்டுவந்த கிரியேட்டிவ் நிறுவனம் சிங்கப்பூர்க்காரர்களுடையது. பெரியப்பா ஊர்!

சரி, எப்படிச் செய்வது? கவனமாகக் கேளுங்கள். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டாஸ்பாக்ஸை அதன் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டும் இறக்கி நிறுவச் சொல்லுங்கள். பிறகு சி டிரைவில் 'கேம்ஸ்' என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் ஆட்டத்தின் ஃபைல்களை நகல் எடுத்து வையுங்கள். பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போக வேண்டாம். டாஸுக்கு எட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது! எங்கள் பையன், 'அப்பாவின் பழைய ஆட்டம்' என்று ஆங்கிலத்தில் நீளமாகப் பெயர் வைத்துவிட்டு, பாதிப் பெயர் காணவில்லை என்று அரை மணி நேரம் தேடினான்.

டாஸ்பாக்ஸைத் திறந்தால் ஒரு கறுப்புத் திரை வரும். படம் இல்லை, மவுஸ் அம்பு இல்லை. ஆங்கில எழுத்துகளில் கடைசியான இசட் மட்டும் மினுக்கும் கோட்டோடு காத்திருக்கும். பயப்படாதீர்கள். உங்கள் அப்பா காலத்தில் கம்ப்யூட்டர் என்றாலே இதுதான்.

இப்போது 'மவுண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை அடியுங்கள். ஓர் இடைவெளி விட்டு சி எழுத்து. மறுபடி ஓர் இடைவெளி விட்டு ஃபோல்டரின் முகவரி. அதாவது சி எழுத்து, முக்காற்புள்ளி, பின்பக்கம் சாய்ந்த கோடு, கேம்ஸ் என்ற பெயர், இடைவெளி இல்லாமல். என்டர் தட்டுங்கள். 'இந்த ஃபோல்டர்தான் உன்னுடைய சி டிரைவ் என்று நினைத்துக்கொள்' என்று பொய்க் கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டீர்கள்! அடுத்து சி எழுத்தும் முக்காற்புள்ளியும் அடித்து என்டர். இசட் போய் சி வரும். கடைசியாக ஆட்டத்தின் பெயர். எங்களுக்கு, 'பிரின்ஸ்.' என்டர்!

ஒரு நொடி இருட்டு. பிறகு... அந்த இசை! மெக்னரின் அப்பா போட்ட இசை. நான் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியை மட்டும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

குண்டு இளவரசன், சுருண்ட இளவரசன்

ஓடிவிட்டதே, முடிந்ததா என்றால் இல்லை. மீதி மூன்று நாட்கள் எதற்கு?

ஆல்ட் விசையோடு என்டரை அழுத்தினால் படம் முழுத்திரைக்கு வரும். வந்தது. ஆனால் இளவரசன் குண்டாகிவிட்டான்! பழைய ஆட்டத்தின் திரை அகலம் 320 புள்ளி, உயரம் 200 புள்ளி. மொத்தமே 64,000 புள்ளிகள். எங்கள் லேப்டாப் திரையில் 1920-க்கு 1080; இருபது லட்சத்துக்கும் மேல். பழைய திரைகள் ஏறக்குறைய சதுரம், புதியவை அகலம். இழுத்து நிரப்பினால் இளவரசனுக்குத் தொப்பை வராமல் என்ன செய்யும்? டாஸ்பாக்ஸின் அமைப்பு ஃபைலில் 'ஆஸ்பெக்ட்' என்ற இடத்தில், 'ட்ரூ' என்று மாற்றினோம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது, இளவரசன் ஒல்லியானான்.

அடுத்தது ஷிஃப்ட் விசை. இந்த ஆட்டத்தில் விளிம்பைப் பிடித்துத் தொங்க, ஷிஃப்டை அழுத்த வேண்டும். அத்தான் பயத்தில் படபடவென்று அழுத்துவார். ஷிஃப்டைத் தொடர்ந்து ஐந்து முறை அழுத்தினால், 'ஸ்டிக்கி கீஸ்' வேண்டுமா என்று விண்டோஸ் குறுக்கே வந்து கேட்கும். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த முடியாதவர்களுக்கான நல்ல வசதிதான் அது. ஆனால் அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இளவரசன் முள்ளின் மேல் விழுந்து செத்திருப்பான்! செட்டிங்ஸில் அந்தக் குறுக்குவழியை நிறுத்தி வையுங்கள். தாத்தா, பாட்டி யாராவது அதைப் பயன்படுத்தினால், விளையாடி முடித்ததும் பழையபடி வைத்துவிடுங்கள்.

வேகம் ஒரு தனிக் கதை. அந்தக் காலத்தில் சில ஆட்டங்களை எழுதியவர்கள், கம்ப்யூட்டரின் வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதிவிட்டார்கள். கம்ப்யூட்டர் வேகமாகிவிட்டால் ஆட்டமும் வேகமாகிவிடும். நீங்கள் கண் சிமிட்டுவதற்குள் உங்கள் ஆள் செத்து, 'கேம் ஓவர்' வந்திருக்கும்! இதற்காகவே பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளில் 'டர்போ' என்று ஒரு பட்டன் வைத்தார்கள். பெயர்தான் டர்போ. அதை மாற்றி அழுத்தினால் கம்ப்யூட்டர் மெதுவாகும்!

இன்னொரு வேடிக்கை. 'டர்போ பாஸ்கல்' என்ற மொழியில் எழுதிய பல புரோகிராம்கள், தொடங்கும்போது கம்ப்யூட்டரின் வேகத்தை அளந்து பார்க்கும். 55 மில்லி விநாடியில் எத்தனை தடவை எண்ண முடிகிறது என்று பார்த்து, அதை 55-ஆல் வகுக்கும். விடை 65,535-க்குள் இருக்கும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். 16 பிட் ஆயிற்றே! 1990-களின் பிற்பகுதியில் வந்த வேகமான பிராசஸர்களில் விடை அதைத் தாண்டிவிட்டது. உடனே, 'பூஜ்ஜியத்தால் வகுத்துவிட்டாய், பிழை எண் 200' என்று சொல்லிவிட்டு, புரோகிராம் படுத்துக்கொள்ளும். யாரும் பூஜ்ஜியத்தால் வகுக்கவில்லை. வேகமாக எண்ணியதுதான் குற்றம்!

டாஸ்பாக்ஸில் கன்ட்ரோல் விசையோடு எஃப் 11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப் 12 அழுத்தினால் கூடும். பல லேப்டாப்களில் எஃப் விசைகள் ஒலி, வெளிச்சம் மாற்றும் வேலையையும் பார்ப்பதால், கூடவே 'எஃப்என்' விசையையும் அழுத்த வேண்டியிருக்கும். மவுஸ் அம்பு உள்ளேயே மாட்டிக்கொண்டால் கன்ட்ரோலோடு எஃப் 10. பக்கத்தில் இருக்கும் எஃப் 9-ஐ மட்டும் தொட்டுவிடாதீர்கள். பொய்க் கம்ப்யூட்டரையே மின்சாரம் பிடுங்கிய மாதிரி அணைத்துவிடும். மூன்றாவது லெவலில், காவலனை வெட்டி வீழ்த்திய அதே நொடியில் எங்கள் பையன் அதைத் தொட்டான். அத்தான் அன்று இரவு அவனோடு பேசவில்லை.

பெட்டியில் இருந்த மெல்லிய புத்தகம் எதற்கு என்று கேட்கவில்லையே? முதல் லெவல் முடிந்ததும் ஓர் அறை வரும். நிறையக் குப்பிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆங்கில எழுத்து. 'புத்தகத்தின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில் வரும் எழுத்தைப் பார், அந்தக் குப்பியைக் குடி' என்று ஆட்டம் சொல்லும். காசு கொடுத்து வாங்காமல் திருட்டு நகல் எடுத்தவர்களிடம் புத்தகம் இருக்காது அல்லவா? அவர்களைப் பிடிக்க வைத்த பொறி! அத்தான் புத்தகத்தில் ஒரு தாளைக் கூடக் கிழிக்காமல் வைத்திருந்தார்.

உங்கள் வீட்டில் பெட்டி இல்லையா? பழைய ஆட்டம் என்றால் இலவசம் என்று எண்ண வேண்டாம். நம் நாட்டுச் சட்டப்படி புரோகிராமும் புத்தகம் மாதிரிதான். எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. கண்ட கண்ட இடங்களில் இறக்கினால் வைரஸும் சேர்ந்து வரும். 'ஷேர்வேர்' என்ற வகை ஆட்டங்களைத் தேடுங்கள். 1990-ல் வந்த 'கமாண்டர் கீன்' ஆட்டத்தின் முதல் பகுதியை, 'யார் வேண்டுமானாலும் நகல் எடுத்து நண்பர்களுக்குக் கொடுங்கள்' என்று சொல்லியே வெளியிட்டார்கள். சொந்தமாக ராக்கெட் செய்து செவ்வாய் கிரகத்துக்குப் போகும் எட்டு வயதுப் பையன்தான் கதாநாயகன். டாஸ்பாக்ஸில் ஜோராக ஓடும்.

நான்காம் நாள்

ஞாயிற்றுக்கிழமை மாலை. அத்தான் உட்கார்ந்தார். பையன் பக்கத்தில். நான் பின்னால். இந்த ஆட்டத்துக்கு மொத்தமே 60 நிமிடம்தான். அதற்குள் இளவரசியைக் காப்பாற்றியாக வேண்டும்.

டாஸில் வந்த முதல் பதிப்பில் ஒரு ரகசியம் உண்டு. ஆட்டத்தின் பெயரோடு, 'மெகாஹிட்' என்று சேர்த்து அடித்தால் லெவல்களைத் தாண்டிக் குதிக்கலாம். நம் ஊர் சினிமா போஸ்டர் மாதிரி இல்லை? பையன் ஆசையாகக் கேட்டான். "அது அழுகுணி ஆட்டம்" என்று அத்தான் மறுத்துவிட்டார்.

முதல் லெவல், குப்பி அறை, இரண்டு, மூன்று... மூன்றாவதில் ஓர் எலும்புக்கூடு எழுந்து சண்டைக்கு வரும். அதை வெட்டினால் சாகாது. குழியில்தான் தள்ள வேண்டும். அத்தானுக்கு அது ஞாபகம் இருந்தது! விரல்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

நாலாவது லெவல். வெளியேறும் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தார். வழியில், போகும்போது இல்லாத ஒரு கண்ணாடி நின்றது. அதற்குள் இளவரசனின் உருவம்.

"இங்கேதான்... இங்கேதான் நின்னேன்" என்றார். மெதுவாக நடந்தார். இடித்தது. குனிந்தார். ஏறப் பார்த்தார். ஊஹும். பையன் செல்போனை எடுத்து, "தேடிப் பார்க்கட்டுமாப்பா?" என்றான். "தொடாதே!" என்றார் அத்தான். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

சமையலறையில் இருந்து அக்கா தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, நடந்து போனா இடிக்காம என்ன செய்யும்? பின்னாடி போய், ஓடி வந்து கண்ணாடிக்குள்ளேயே குதிங்க!"

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். அத்தான் இளவரசனைப் பின்னால் கொண்டுபோனார். ஓடினார். குதித்தார். கண்ணாடிக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய் விழுந்தான் இளவரசன்! அதே நேரம் கண்ணாடியில் இருந்து இன்னொருவன் எதிர்ப்பக்கம் பாய்ந்து ஓடினான். மினுமினு என்று கோட்டுருவமாக... நம் நிழல் மனிதன்! இளவரசனின் உயிர் ஒன்றே ஒன்றாகக் குறைந்து நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அத்தான்.

"அதே சென்டர்லதான் நான் கோபால் படிச்சேன். எங்க பேட்ச் சனிக்கிழமை. யாரோ ஒரு பையன் கொண்டு வந்த ஆட்டம்னு சார் அதை ஒரு மிஷின்ல ஏத்தி வச்சிருந்தார். வகுப்பு முடிஞ்சதும் நாங்க எல்லாரும் அதுலதான் இருப்போம்."

"அது என்னோட ஆட்டம்!"

"இப்பத்தானே தெரியுது!" என்றாள் அக்கா. "நான் எட்டாவது லெவல் வரைக்கும் போயிருக்கேன். அங்கே ஒரு கதவுகிட்ட மாட்டிக்கிட்டேன். கொஞ்சம் நகருங்க, பார்க்கலாம்."

அடுப்பில் தோசை கருகும் வாசனை வந்தது. பையன் எழுந்து கரண்டியை வாங்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினான்.